தேரிக்காட்டில் ஒரு கைப்பிடி அரிசி

ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று எழுந்து செம்மணலை வாரி இறைக்க, பனையோலைகள் இரவு பகலென்றில்லாமல் சலசலத்துக்கொண்டிருக்கும் தேரிக்காட்டில், திருச்செந்தூருக்கு மேற்கிலும் சாத்தான்குளத்துக்குக் கிழக்கிலுமாக உள்ள ஏதேனுமொரு மணல்மேட்டில் ஏறி நின்று பார்ப்பவருக்கு, பனந்தலைகள் அனைத்துக்கும் மேலாக முதலில் புலப்படுவது மெய்ஞ்ஞானபுரம் பரிசுத்த பவுல் ஆலயத்தின் கோபுரமேயாகும். 192 அடி உயரமுள்ள அக்கோபுரம் 1868இல் நிறைவெய்தியது. ஆலயமோ அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1847இல், பிரதிஷ்டை செய்யப்பட்டிருந்தது. வேல்ஸ் நாட்டிலிருந்து வந்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தச் செம்மண்ணிலேயே செலவிட்ட ஜான் தாமஸ் ஐயரின் உழைப்புக்குச் சாட்சியாக நிற்கும் அதைக் காணத் தொலைவிலிருந்தெல்லாம் மக்கள் வருகிறார்கள், அண்ணாந்து பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொண்டு, உடன்குடிக் கருப்பட்டியும் முதலூர் மஸ்கோத்து அல்வாவும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அவ்வூர்களின் அடுக்களைக்குள் எட்டிப் பார்ப்பவர் அரியர். இப்பிரதேசத்துக் கிறிஸ்தவர்களின் விசுவாசம் எதன்மேல் நிற்கிறது என்று என்னைக் கேட்டால், நான் கோபுரத்தைக் காட்டமாட்டேன். அடுப்புக்கு அருகே சுவரில் தொங்கும் ஓர் ஓலைக் கொட்டானைக் காட்டுவேன்.

என் தாயார் பிறந்த ஊர், அக்கோபுரம் வீட்டு முற்றத்திலிருந்தே தெரியும் தூரத்திலுள்ள ஒரு சிற்றூர். பள்ளி விடுமுறைகளை எல்லாம் நான் கழித்தது அங்கேதான். ஊர் நடுவே ஓடு வேய்ந்த ஆலயம். அதன் முகப்பில் ஒற்றை மணி. ஆலயத்துக்கு மேற்கே, சப்பாத்திக் கள்ளி வேலியிட்ட கல்லறைத் தோட்டம். விடியுமுன் காலை ஜெபத்துக்கு ஒரு மணி, அந்தியில் விளக்கேற்றும் வேளையில் ஒரு மணி, யாரேனும் இறந்துவிட்டால் நெடுநேரம் இடைவெளி விட்டு விட்டு ஒலிக்கும் துக்க மணி என்று, ஊரின் காலக்கணக்கு முழுவதும் அந்த ஒரு நாவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் ஊரில் அந்த முதல் மணிக்கும் முன்னதாகவே எழுந்துவிடுபவர்கள் பனையேறிகள். என் தாத்தா அவர்களில் ஒருவர். பனையேற்றத்தை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: பாளையை நாள்தோறும் சீவிவிடவேண்டும்; ஒரு நாள் தவறினாலும் அதன் வாய் அடைபட்டுப் பதநீர் வற்றத் தொடங்கிவிடும். மரம் ஓய்வுநாள் அறியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகவேண்டிய பனையேறி, மற்ற நாட்களைக் காட்டிலும் முன்னதாக, விண்மீன்கள் மறையாத இருட்டிலேயே தளைநாரும் பாளை அரிவாளுமாகப் புறப்பட்டு, மரங்களை எல்லாம் முடித்து இறங்கி, குளித்து, சலவை வேட்டி உடுத்தி, இரண்டாம் மணி அடிக்குமுன் ஆலயத்தின் கடைசி வரிசையில் வந்து அமர்ந்துவிடுவார். அவர் கைகளில் சுண்ணாம்பின் வாசனையும் பதநீரின் வாசனையும் கலந்திருக்கும். ஐயர் பிரசங்கத்தைத் தொடங்கிச் சற்று நேரத்துக்கெல்லாம் தாத்தாவின் தலை மார்பில் சாய்ந்துவிடும். சிறுவனாகிய நான் ஒருமுறை அவரைத் தட்டி எழுப்பப் போனபோது, பெண்கள் பக்கத்திலிருந்து ஆச்சி கையசைத்துத் தடுத்தாள், வீட்டுக்கு வரும் வழியில், “தூங்கட்டும் மக்கா, கர்த்தர் சமுகத்துலதான தூங்குதாவ” என்றாள். வேத சாஸ்திரம் கற்ற பண்டிதர் பலருடைய சொற்பொழிவுகளைப் பிற்காலத்தில் கேட்டிருக்கிறேன். கிருபை என்ற சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது அந்தச் செம்மண் வழியில்தான்.

இங்குள்ள ஊர்ப் பெயர்களே ஒரு சரித்திரம். தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் முயற்சியால், சொந்த ஊர்களில் இருக்கமுடியாமல் துரத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்கென்று 1799இல் நிலம் வாங்கிக் குடியேற்றப்பட்ட ஊர், அவ்வகையில் முதலாவதாக அமைந்தமையால் முதலூர் ஆயிற்று. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், இத்தகைய அகதிகளுக்கு நிலமும் வீடும் தேடிக் கொடுப்பதற்கென்றே 1830இல் தர்ம சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். மெய்ஞ்ஞானபுரம், சந்தோஷபுரம், சமாதானபுரம், சுவிசேஷபுரம், பிரகாசபுரம் என்று பிரதேசமெங்கும் விரவிக் கிடக்கும் பெயர்களைக் கேட்கும்போதெல்லாம், அடிபட்டு ஓடிவந்தவர்கள் தங்கள் புதிய குடிசைகளுக்கு முன்னே நின்று, தாங்கள் விரும்பியவற்றை எல்லாம் ஊர்ப் பெயராகச் சூட்டிக்கொண்டதுபோல எனக்குத் தோன்றுவதுண்டு.

இவர்கள் சோற்றுக்காகவும் பாதுகாப்புக்காகவும் மதம் மாறியவர்கள் என்று ஏசுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அதை முற்றாக மறுக்க நான் முயலமாட்டேன். தாது வருஷப் பஞ்சத்தின்போதும் அதை அடுத்தும் ஆயிரக்கணக்கானோர் சபையில் வந்து சேர்ந்தது உண்மை. நிலக்கிழாரின் கொடுமைக்கும், தாழ்ந்த சாதியென்று கோயில் வாசலிலும் தெருவிலும் பட்ட அவமானத்துக்கும் ஓர் அடைக்கலம் தேடியே மிகப் பலர் வந்தனர் என்பதும் உண்மை. பசித்தவன் சோறு கிடைக்கும் இடத்துக்குப் போவதில் இழுக்கு ஏதும் இருப்பதாக நான் கருதவில்லை. ஆனால் அந்தச் சரித்திரத்தை எழுதுவோர், அப்படிப் பசியோடு வந்தவர்களின் பேத்திகள் நாள்தோறும் உலையில் அரிசி இடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துக் கர்த்தருக்கென்று வைத்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

கைப்பிடி அரிசி என்பது இச்சபைகளின் பழைய வழக்கம். ஆச்சி அரிசிப் பானைக்கு முன் குத்துக்காலிட்டு அமர்ந்து, உழக்கால் அளந்து சுளகில் கொட்டுவாள். கல்லும் நெல்லும் பொறுக்கிப் புடைத்து முடிந்தபின், கழுவுவதற்கு முன்னதாக, வலக்கையால் ஒரு பிடி அள்ளி, கண்ணை ஒரு கணம் மூடித் திறந்து, சுவரில் ஆணியில் தொங்கும் ஓலைக் கொட்டானில் இடுவாள். அந்த ஒரு கணத்தில் அவள் உதடு மட்டும் அசையும். என்ன சொன்னாள் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. சனிக்கிழமை மாலையில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார் இருவர் சாக்கோடு வீடு வீடாக வருவார்கள், கொட்டான் கவிழ்க்கப்படும், சேர்ந்த அரிசியை விற்று வரும் பணம் சபைக் கணக்கில் ஏறும். இவ்வளவுதான் காரியம்.

பதநீர்க் காலம் முடிந்து, கருப்பட்டியும் விற்றுத் தீர்ந்து, வீட்டில் கையிருப்புக் குறையும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அளவு உழக்கிலிருந்து ஆழாக்காகச் சுருங்கும். ஆச்சியின் கைப்பிடி அப்போதும் சுருங்கியதில்லை. அப்படிப்பட்ட ஒரு நாளில், ஐந்து பேருக்குக் கஞ்சி காய்ச்சவேண்டிய அரிசியிலிருந்து அவள் அள்ளியதைக் கண்டு, “இல்லாத அன்னைக்குக்கூட எதுக்கு ஆச்சி?” என்று கேட்டேன். அவள் கொட்டானில் இட்டுவிட்டுத் திரும்பி, “இருக்குத அன்னைக்கு எடுத்து வச்சா அது மிச்சம்லா மக்கா” என்று மட்டும் சொன்னாள்.

அவள் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் வேதாகமத்தைச் சரளமாக வாசிப்பாள். திடப்படுத்தல் ஆராதனைக்கு ஆயத்தமாகும் பெண்பிள்ளைகளுக்கு விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் மனப்பாடம் செய்விப்பாள். இரவு உணவுக்கு முன் குடும்ப ஜெபம். அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பாயில் அமர்வோம். 1871இல் பவர் ஐயரின் தலைமையில் வெளிவந்த மொழிபெயர்ப்பின் நடை, அன்றாடம் செவியில் விழுந்து விழுந்து, அவள் பேச்சோடு கலந்துபோயிருந்தது. கோழியைப் பருந்து தூக்கிப்போனாலும், மருமகள் உப்பு அதிகம் போட்டுவிட்டாலும், அவள் வாயிலிருந்து வருவது தேரிக்காட்டுப் பேச்சில் பாதியும் தீர்க்கதரிசிகளின் தமிழில் பாதியுமாக இருக்கும். எழுத்தறிவு இல்லாத குலத்தில் பிறந்த பெண்களுக்கு எழுத்தைக் கொண்டுவந்து கொடுத்தது எது என்று ஆராய்வோர், பள்ளிக்கூடக் கட்டடங்களை மட்டும் எண்ணிக் கணக்கிட்டால் போதாது. இந்த அரிக்கேன் விளக்குகளையும் எண்ணவேண்டும்.

பாட்டும் அப்படித்தான். ஆங்கில ராகங்களில் அமைந்த ஞானப்பாட்டுகளை முன்வரிசையிலுள்ள படித்தவர்கள் புத்தகத்தைப் பார்த்துப் பாடும்போது சபையின் குரல் சற்று அடங்கியே இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆர்மோனியத்தில் கீர்த்தனை ஒன்றின் பல்லவியை எடுத்துவிட்டாலோ, கடைசி வரிசைவரை ஓடுகள் அதிரும். திருநெல்வேலியில் 1774இல் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களும், சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து பின்னர் கிறிஸ்தவரான கிருஷ்ண பிள்ளையின் பாடல்களும் இவ்வூர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் மனப்பாடம்.

கைப்பிடி அரிசி எங்கே போயிற்று என்பதையும் சொல்லவேண்டும்; ஏனெனில் அதுவே எனக்கு மிகவும் பெருமை தரும் பகுதி. மெய்ஞ்ஞானபுரத்துக்கு அருகிலுள்ள வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்து ஐயரின் மகனாக 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, இருபத்தெட்டே வயதான வாலிபராக இருந்தபோது, தம் நண்பர்களுடன் சேர்ந்து 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆட்களும் இந்தியர், பணமும் இந்தியப் பணம், நிர்வாகமும் இந்திய நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. நூறாண்டுக் காலம் வெளிநாட்டாரின் தர்மத்தைப் பெற்றே வாழ்ந்த சபை என்று பலரும் எண்ணியிருந்த ஒரு கூட்டம், தன் சொந்தக் காணிக்கையைக் கொண்டு, தனக்குத் தெரியாத மொழி வழங்கும் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்குத் தன் பிள்ளைகளை ஊழியத்துக்கு அனுப்பியது. அந்தத் தோர்ணக்கலுக்கே அசரியா 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் தேதி பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் அப்பதவிக்கு உயர்ந்தது அதுவே முதல் தடவை. அவருடைய காலத்தில் அங்கிருந்த ஏழைக் கிராமங்களின் பெண்களும் உலைக்கு முன் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்தார்கள். பனையேறியின் வீட்டுக் கொட்டானிலிருந்து கிளம்பிய அரிசி எத்தனை காதம் போயிற்று என்று எண்ணும்போது எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

இவ்வளவும் சொன்னபின், சபையின் சச்சரவுகளை மறைத்தால் நான் எழுதியது பொய்யாகிவிடும். இம்மக்கள் வழக்காடுவதில் வல்லவர்கள். அதற்கும் ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. நாசரேத்தைச் சார்ந்த பிரகாசபுரத்தில், சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம், தம் இனத்தாரைக் குறித்துக் கால்டுவெல் ஐயர் 1849இல் எழுதிய நூலில் கண்ட இழிவுரைகளால் மனம் புண்பட்டு, வெள்ளைக்கார மிஷனெரிமாரின் ஆதிக்கத்தை உதறி, 1857இல் தனியாக ஒரு சபையை நிறுவினார். சனிக்கிழமையே அதற்கு ஓய்வுநாள். ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல்லிடம் தமிழர் கொண்டுள்ள நன்றி எனக்கும் உண்டு; ஆயினும், தங்களைப் பற்றி எழுதப்பட்டதை வாசித்துச் சினந்தெழுந்த அந்த மக்களின் தன்மானத்தையும் நான் வணங்குகிறேன். வாசிக்கக் கற்றுக்கொடுத்தவரையே கேள்வி கேட்க அவர்களுக்கு எட்டாண்டுகள் போதுமாயிருந்தன.

நான் கண்ணால் கண்ட சச்சரவோ அவ்வளவு உயர்ந்ததன்று. நான் கல்லூரியில் படித்த காலத்தில், சபைத் தேர்தல் ஒன்றை ஒட்டி எங்கள் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. ஆராதனையில் ஒரு கட்சியார் வடபுறமும் மற்றவர் தென்புறமுமாக அமர்ந்தனர். சமாதான வாழ்த்துச் சொல்லும் வேளையில் கைகள் நடுவழியைத் தாண்டவில்லை. என் பெரிய மாமா ஒரு கட்சியின் முன்னணியில் நின்றார். நம் வீட்டு அரிசி ஒரு மணிகூட அவர்கள் கைக்குப் போகக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமை அம்மாமார் சாக்கோடு வந்தபோது ஆச்சி வாசலில் நின்று, அவர்கள் முகத்தைப் பார்க்காமல், இல்லையென்று தலையை ஆட்டினாள்.

அவள் மகனோடு வாதாடவில்லை. ஆனால் உலைக்கு முன் ஒரு பிடி எடுப்பதை நிறுத்தவுமில்லை. கொட்டான் நிறைந்ததும் உள்ளறையிலிருந்த அடுக்குப்பானையில் கவிழ்ப்பாள். மீண்டும் கொட்டானை ஆணியில் மாட்டுவாள். நான்கு மாதங்கள் இப்படியே கழிந்தன. அந்த ஆண்டுப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு நான் ஊருக்கு வந்தபோது, முற்றத்தில் பனம்பாய் விரித்து, வண்டு விழுந்துவிட்ட அந்த அரிசியை அவள் வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காற்று வாகு பார்த்துப் புடைத்தாள். நொய்யையும் வண்டையும் களைந்தாள். இரண்டு நாள் வேலை. எண்பதை நெருங்கிய முதுகு வளைந்து சுளகின்மேல் கவிந்திருந்ததை, திண்ணையில் நின்ற மாமா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் அரிசியைச் சாக்கில் கட்டி அவள் தானே இடுப்பில் ஏற்ற முயன்றபோது, அவர் இறங்கி வந்து சாக்கை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். “மெதுவா நட, நானும் வாறேன்” என்றாள் ஆச்சி. இருவரும் ஆலயத்தை நோக்கிப் போனார்கள். வழக்கு அதன்பின்னும் சில ஆண்டுகள் நடந்தது. மாமா தம் கட்சியை விட்டுவிடவில்லை. ஆனால் சனிக்கிழமைச் சாக்கு எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போனதில்லை.

அந்த அரிசி போய்ச் சேர்ந்தது அசனத்துக்கு. திருநெல்வேலிச் சீமைக்கு வெளியே இச்சொல்லை அறிந்தோர் குறைவு. பண்டிகையின் கடைசி நாளில் ஊர் முழுவதும் ஒன்றாக உண்ணும் பொது விருந்துக்கு அசனம் என்று பெயர். முந்திய இரவே ஆலயத்தின் பின்புறம் அடுப்புக்குழிகள் வெட்டப்பட்டு, அண்டாக்கள் ஏறும். அன்று சமையல் ஆண்களுடையது. ஆர்மோனிய ஆசிரியர் வெங்காயம் உரிப்பார், பனையேறிகள் விறகு தள்ளுவார்கள், சென்னையிலும் மும்பையிலும் தொழில் செய்து காரில் வந்திறங்கியவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு அகப்பை பிடிப்பார்கள். பனம்பாய்கள்மேல் வெள்ளைத் துணி விரித்து வடித்த சோற்றைக் கொட்டக் கொட்ட, அது ஒரு சிறு குன்றாக உயர்ந்து ஆவி பறக்கும். ஐயர் அங்கியோடு வந்து, அக்குன்றின் முன் நின்று ஜெபித்தபின்தான் முதல் அகப்பை. முற்காலத்தில் பனையோலைப் பட்டையில் வாங்கி உண்டார்கள். இப்போது இலையும் தட்டும் வந்துவிட்டன. பக்கத்து ஊர் இந்துக்களும் முஸ்லிம்களும் வருவார்கள். வராதவர் வீட்டுக்குப் பாத்திரத்தில் போகும்.

இந்தப் பந்தியைப் பற்றி மனநிறைவோடு எழுதிக்கொண்டு போகும் என் பேனா ஓரிடத்தில் தயங்குகிறது. என் சிறுவயதில், கிழக்குத் தெருவிலிருந்து வந்த தலித் குடும்பத்தினர் இதே அசனத்தில் மற்றவர்கள் உண்டு எழும்வரை வேப்பமரத்தடியில் காத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். யாரும் அவர்களை விலக்கவில்லை, யாரும் அழைக்கவுமில்லை. அவமானத்திலிருந்து தப்பிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னொருவருக்கு அதே அவமானத்தைப் பரிமாறினார்கள் என்பதை வேறு எந்தச் சொல்லாலும் மெழுகிவிட முடியாது. பந்தி இன்று ஒன்றாகிவிட்டது. திருமணப் பேச்சு வரும்போது பழைய வேலி மீண்டும் முளைக்கிறது. ஒரே பாத்திரத்திலிருந்து திருவிருந்து பெறுகிறவர்கள் ஒரே குடும்பமாக முடியாதென்பது, நான் நேசிக்கும் இச்சபையைக் குறித்து எனக்குள்ள ஆறாத துயரம்.

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு முதலான சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இவ்வூர்களும் அதில் அடங்கின. பழைய திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் 2003இல் பிரிந்தது. எங்கள் ஊர்ச் சபையில் பெயர்ப்பலகை மாறியது தவிர வேறு பெரிய மாற்றம் எதையும் நான் காணவில்லை. உண்மையான மாற்றம் வேறு வழியாக வந்தது. பனையேற ஆள் இல்லை. வாலிபர்கள் வெளியூர்களுக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். ஊரில் இருப்பவர்களில் சிலர், கைதட்டிப் பாடி உரத்த குரலில் ஜெபிக்கும் பெந்தெகொஸ்தே கூடங்களை நாடுகிறார்கள். காலை ஜெபத்துக்கு வருவோர் ஐந்தாறு கிழவிகள் மட்டுமே. மணி அடிப்பவரும் அவர்களோடு அமர்ந்துகொள்கிறார்.

ஆச்சி இப்போது கல்லறைத் தோட்டத்தில், தாத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். சென்ற பண்டிகைக்குப் போயிருந்தபோது, சபையின் பொருளாளராக இருக்கும் என் மாமா மகன் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்து எழுதிக்கொண்டிருந்தான். சாக்கோடு வீடு வீடாகப் போகும் வழக்கம் குறைந்துவிட்டது. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அவனுடைய கைப்பேசி இடையிடையே ஒலித்தது. சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் என் தங்கை மகள், மாதமொருமுறை அனுப்பும் பணம் வந்துசேர்ந்த செய்தி அது. அவள் சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. தினமும் ஒரு பிடி அதில் போடுகிறாள். மாதக் கடைசியில் அந்த அரிசியை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு, கடை விலைக்குக் கணக்கிட்டுப் பணத்தை ஊருக்கு அனுப்பிவிடுகிறாள். அந்த மாதம் வந்தது முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். அவன் அவள் பெயரை எழுதி, தொகையை எழுதி, எந்த இனம் என்று குறிக்கும் கட்டத்தில், அவன் தகப்பனார் காலத்திலும் அதற்கு முன்னும் எழுதியிருந்தபடியே, நிறுத்தி நிதானமாக எழுதினான்: கைப்பிடி அரிசி.